முதல் கீறல்

பத்தர் போன வருடம் காலமானார். வெள்ளவத்தையில் பல வீடுகள் அன்று நிம்மதியாக மூச்சு விட்டிருக்கும். வருடத்துக்கு ஒருமுறை கதவைத் தட்டி, செருப்பைக் கழற்றிச் சுவரோடு ஒட்டி நேராக வைத்து, உட்காரும் முன்பே "சாமானைக் காட்டுங்கோ" என்று கேட்பதற்கு இனி ஆள் இல்லை.

கொட்டாஞ்சேனையில், படங்களுக்குச் சட்டம் போடும் கடை ஒன்றின் மேல்மாடியில் அவருடைய பட்டறை இருந்தது. வெள்ளியில் தட்டு, பேணி, கரண்டி, கிண்ணம் என்று மனிதர் தின்னவும் குடிக்கவும் வேண்டியவற்றை மட்டும் கையால் அடித்துச் செய்வார். நகை கேட்டு வந்தவர்களைச் செட்டியார் தெருவுக்கு அனுப்பிவிடுவார். பொன், வெள்ளி வேலை செய்கிறவர்களை எங்கள் பக்கத்தில் பத்தர் என்பார்கள், ஆகவே எல்லோருக்கும் அவர் பத்தர்தான். அவருடைய பெயரை நான் ஒருநாளும் கேட்டதில்லை. பத்திரிகையில் மரண அறிவித்தலைப் பார்த்தபோது யாரோ என்று பக்கத்தைப் புரட்டிவிட்டேன். படம் கண்ணில் பட்டிருந்ததால் திரும்பப் புரட்டினேன். இத்தனைக்கும் நான் மருதானையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். கலியாணக் கார்டிலும் முப்பத்தோராம் நாள் நினைவுப் புத்தகத்திலும் ஒரு பெயர்கூடப் பிழையாகப் போனதில்லை என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவரிடம் வாங்கிய சாமான் நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அவருடைய முகம் தொங்கிப்போகும். "நல்லாயிருக்கு எண்டா நீங்கள் பாவிக்கேல்லை" என்பார். "குறை சொல்லுங்கோ" என்று கேட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். குறை சொல்லும்வரை தேநீரைத் தொடமாட்டார். ஆறிப்போன தேநீரைப் பற்றியாவது யாராவது ஏதாவது சொல்லியே ஆகவேண்டும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவரே ஒருமுறை சொன்னார். அவருடைய குடும்பத்தில் எல்லோரும் கோயில் வேலைக்காரர்கள். சாமிக்குக் கவசம், வாகனத்துக்குத் தகடு, தேர்முடிக்குக் கலசம். இவரும் நரைக்கிற வயதுவரை அதைத்தான் செய்தார்.

"ஒரு பிள்ளையாருக்குக் காதுக் கவசம் ஒரு விரக்கடை கூடிப்போச்சு" என்றார். "சாத்தினாப் பிறகுதான் கண்டனான். ஆராவது சொல்லுவினம் எண்டு பாத்தன். ஐயரும் சொல்லேல்லை, கோயில் கொமிற்றியும் சொல்லேல்லை, பிள்ளையாரும் சொல்லேல்லை. இண்டைக்கும் அதைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறார்."

"கழட்டித் திருத்தியிருக்கலாமே?"

"கேட்டனான். ராசியான கவசமாம். தொடக்கூடாதாம்."

கோயில் வேலைக்கு நடுவே யாராவது கேட்டால் தண்ணீர் குடிக்கும் வெள்ளிப் பேணியும் அடித்துக் கொடுப்பார். வருடக்கணக்காகக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் பேலியகொடை மீன் சந்தையில் வியாபாரம் செய்யும் சிங்கள மனிதர் ஒருவர், ஒரு கிழமைக்கு முன்பு வாங்கிப்போன பேணியோடு படியேறி வந்தார். கீழ் உதட்டில் காய்ந்த இரத்தம்.

"பாஸ் உன்னெஹே, தொல கெப்புணா" என்றார். பத்தர் ஐயா, உதடு வெட்டிப்போச்சு என்பது அதன் அர்த்தம்.

பத்தர் பேணியின் விளிம்பை விரலால் தடவிப் பார்த்தார். கத்தி. அதுவரை செய்த எல்லாப் பேணிகளும் அப்படித்தான் இருந்திருக்கும். வாங்கினவர்கள் எல்லாம் எச்சில் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற எங்கள் ஆட்கள். ஒருவருடைய உதடும் விளிம்பில் பட்டதில்லை. பட்ட முதல் உதடு இதுதான்.

"நீங்கள் என்ன செய்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"அவரை இருத்தித் தேத்தண்ணி வாங்கிக் குடுத்து, இன்னொருக்காச் சொல்லுங்கோ எண்டு கேட்டனான்."

வாழ்க்கையில் அவருக்குக் கிடைத்த முதல் குறை. அதன்பிறகு கோயில் வேலையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, குறை சொல்லக்கூடிய வாய் உள்ளவர்களுக்கு மட்டும் செய்வது என்று முடிவெடுத்தார். பழைய பேணிகளின் விளிம்பைச் சரிசெய்து கொடுப்பதற்காக வாங்கினவர்களுடைய வீடு வீடாகப் போனார். அங்கேதான் அவருக்கு அடுத்த அதிர்ச்சி காத்திருந்தது. பேணிகளில் பாதி கண்ணாடி அலுமாரியில், மீதி வங்கி லொக்கரில்.

அன்றிலிருந்து தொடங்கியது இந்த வருடாந்தப் பரிசோதனை.

அவரை ஏமாற்ற முடியாது. வெள்ளவத்தையின் கடற்காற்றில் சும்மா வைத்த வெள்ளி ஆறு மாதத்தில் கறுத்துவிடும். தினமும் புழங்கிக் கழுவுகிற வெள்ளி கறுப்பதில்லை, மெல்லிய கீறல்கள் விழுந்து ஒரு மங்கலான வெளிச்சத்தோடு இருக்கும். அவர் வருகிறார் என்று தெரிந்து முதல்நாள் லொக்கரிலிருந்து எடுத்து வந்து புளி போட்டுத் தேய்த்து வைத்தவர்கள் உண்டு. அவர் அடிப்பக்கத்தைத் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "நேத்து மினுக்கினது" என்பார். அவ்வளவுதான், அந்த வீட்டு மனிதர்கள் பள்ளிக்கூடப் பிள்ளைகள்போலத் தலையைக் குனிந்துகொள்வார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது இப்படி ஒரு பரிசோதனையின்போதுதான். நாங்கள் இருக்கும் தொடர்மாடியில் எங்கள் வீட்டுக்கு மேலே ஒரு டொக்டரம்மா இருக்கிறார். மகளின் கலியாணத்துக்கு ஆறு தட்டுகள் செய்வித்து, மகள் விமானத்தில் கொண்டுபோக முடியாது என்றதால் தானே கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தார். வடை சுட்டிருப்பதாக என்னைக் கூப்பிட்டிருந்தார். நான் போன நேரம் பத்தர் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தார். மெலிந்த, கட்டையான மனிதர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சேர்ட். கையில் சீலைப் பை.

தட்டுகள் மெல்லிய கடதாசி சுற்றியபடியே இருந்தன. அவர் ஒன்றை உரித்தார். ஓரமெல்லாம் கறுப்பு.

"ஐயோ பத்தர், பாவிச்சா ஸ்க்ராட்ச் ஆகிடுமே எண்டு பயத்திலைதான்" என்றார் டொக்டரம்மா.

பத்தர் தட்டைக் கொண்டுபோய்க் கழுவித் துடைத்தார். இரண்டு வடையை அதில் வைத்து, நின்றபடியே தின்று முடித்தார். பிறகு சேர்ட் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்து, தட்டின் நடுவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறினார். அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. டொக்டரம்மா வாயில் கையை வைத்துக்கொண்டார். பத்தர் மற்ற ஐந்து தட்டுகளையும் உரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கீறல் போட்டு, ஆணியைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"முதல் கீறலை நான் போட்டுட்டன். இனிப் பயமில்லாமப் பாவியுங்கோ."

டொக்டரம்மா ஒரு மாதம் அவரைத் திட்டிக்கொண்டு திரிந்தார். அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்து அந்த வீட்டில் தோசை வேறு எதிலும் வைக்கப்படவில்லை.

எங்கள் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்தது இதற்கு அடுத்த வருடம். வலது பக்கம் விழுந்துவிட்டது. வலது கை, வலது கால், வாயின் வலது ஓரம். பேச்சு வந்தது, ஆனால் ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவே ஒருவர் கடைக்குப் போய்வந்துவிடலாம். எனக்குப் பொறுமை இல்லை. தொழிலும் அப்படி. பாதி வசனத்தைப் பார்த்தாலே மீதியை எழுதிவிடுகிற கை. அம்மா ஒரு சொல்லைத் தொடங்கினால் நான் முடித்துக் கொடுத்துவிடுவேன். அதை உதவி என்றுதான் நினைத்தேன்.

அம்மா சோறு தின்பார். தண்ணீர்தான் குடிக்கமாட்டார். அவர் வாழ்நாள் முழுக்க மூக்குப்பேணியில் குடித்தவர். பக்கத்தில் ஒரு சின்ன மூக்கு வைத்த பித்தளைப் பேணி. அண்ணாந்து, வாயில் படாமல், ஒரு துளி சிந்தாமல் ஊற்றிக் குடிப்பார். இப்போது அண்ணாந்தால் புரைக்கேறும். தலையைப் பின்னால் சாய்க்கவே கூடாது, பலமுள்ள இடப்பக்கம் சரித்துக் குடிக்கவேண்டும் என்று ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் சொல்லியிருந்தாள். கிளாசில் வாய் வைத்துக் குடித்தால் வலது ஓரத்தால் வழியும். வழிந்ததை யாராவது பார்த்தால் அன்று முழுக்கக் குடிக்கமாட்டார். நான் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை வாங்கி வந்தேன், மூடியில் உறிஞ்சுகிற குழாய் வைத்தது. அதில் ஒரு மஞ்சள் தாராக்குஞ்சின் படம் இருந்தது. அம்மா தாராவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எண்பது வயது மனுஷி.

தண்ணீர் குடிக்காமலே இருந்து ஒரு நாள் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். மூன்று நாளில் வீட்டுக்கு வந்தார், மறுபடியும் குடிக்கவில்லை. இன்னொரு தடவை இப்படி வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டொக்டரம்மா மாடிப்படியில் என்னை நிறுத்திச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"அந்தப் பைத்தியத்தைக் கேட்டுப் பாரும்" என்றார்.

பத்தர் வந்தார். செருப்பைச் சுவரோடு நேராக வைத்தார். அம்மா சன்னலோரம் தன்னுடைய கைக்கதிரையில் இருந்தார். அம்மா எழும்பியிருக்கிற நேரமெல்லாம் அந்தக் கதிரைதான். சன்னலுக்கு வெளியே பார்க்க ஒன்றும் இல்லை. எதிரே புதிதாகக் கட்டின தொடர்மாடியின் சுவர்.

"அக்கா, தண்ணி குடிக்கேக்கை என்ன குறை?" என்று பத்தர் கேட்டார்.

"அவவாலை அண்ணாக்க ஏலாது, வாய் வைச்சா வழியும், அதுதான் வெக்கப்பட்டு" என்றேன் நான்.

பத்தர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பிள்ளை, நீர் போய்த் தேத்தண்ணி போடும்."

நான் போய்ப் போட்டேன். கொண்டுவந்தபோது, "சீனி கூடிப்போச்சு, வேறை போடும்" என்றார். ஒரு வாய்கூடக் குடிக்காமல் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி போனேன். அரை மணித்தியாலம் நான் குசினியிலேயே நின்றேன். திரும்பி வந்தபோது அவர் நூல் ஒன்றை வைத்துக் கதிரைக் கையிலிருந்து அம்மாவின் வாயோரம்வரை அளந்து, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவின் கன்னத்தில் சின்னதாய் ஒரு சிரிப்பு, இடது பக்கம் மட்டும்.

"இவ்வளவு நேரம் என்ன கதைச்சனீங்கள்?"

"அளவு" என்றார்.

மூன்று கிழமை போயிற்று. பேணி வரவில்லை. நான் கரண்டியால் அம்மாவுக்குத் தண்ணீர் தீத்திக்கொண்டிருந்தேன். பத்துக் கரண்டிக்கு மேல் வாயை இறுக மூடிக்கொள்வார். அம்மா என் கண் முன்னால் காய்ந்துகொண்டு வந்தார். எனக்குப் பயம். பயம் வந்தால் எனக்குக் கோபமாகத்தான் வரும். ஒரு நாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அச்சகத்திலிருந்து கிளம்பி, கொட்டாஞ்சேனையில் பஸ் இறங்கி, வழியெல்லாம் வசனங்களைத் தயார்செய்துகொண்டு அந்த மாடிப்படியில் ஏறினேன்.

பத்தர் ஸ்டூலில் இருந்தார். கழுத்தில் துவாய். சேர்ட்டின் முன்பக்கம் முழுக்க ஈரம். வலது கன்னம் வீங்கி, வாயோரத்தில் இரத்தம் தோய்ந்த பஞ்சு. வலது கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். இடது கையில் பால்மா டின்னை வெட்டிச் செய்த ஒரு பேணி, அதற்கு வளைந்த ஒரு மூக்கு.

"என்ன நடந்தது?" என்றேன்.

"பல்லுப் புடுங்கினனான்" என்றார். சொற்கள் குழறின. "ஊசி விறைப்பு இன்னும் அரை மணித்தியாலந்தான் நிக்கும். பேசாம இரும்."

தலையை இடப்பக்கம் சரித்து, டின் பேணியின் மூக்கால் வாய்க்குள் தண்ணீரை ஊற்றினார். பாதி உள்ளே போனது, பாதி வலது ஓரத்தால் துவாயில் வழிந்தது. பேணியைக் கீழே வைத்து, ஆணியால் மூக்கில் ஓர் அடையாளம் போட்டார். நெளித்தார். மறுபடி ஊற்றினார்.

"பல்லுப் புடுங்கினால் உடனே கொப்பளிக்கக்கூடாது, இரத்தம் நிக்காது" என்றேன்.

"டொக்டரும் சொன்னவர். போன கிழமையும் சொன்னவர்."

"போன கிழமையுமோ?"

"போன கிழமை மற்றப் பல்லு. அது ஆட்டங் கண்டது. விறைப்புக்குள்ளை வேலை முடியேல்லை."

"அப்ப இது?"

"இது நல்ல பல்லாம்." பஞ்சைச் சரிசெய்துகொண்டார். "எப்பவோ ஒருநாள் போறதுதானே."

தயார்செய்து வைத்த வசனங்கள் எல்லாம் எனக்குள்ளேயே நின்றுவிட்டன. கீழே படச்சட்டக் கடைக்காரர் ஆணி அடித்துக்கொண்டிருந்தார். நான் ஒரு மரக்குற்றியில் உட்கார்ந்து, அவர் ஊற்றுவதையும் வழிவதையும் பார்த்துக்கொண்டிருந்தேன். இடையிடையே அவர் ஏதோ சொல்லத் தொடங்குவார். சொல் வாயில் நின்றுவிடும். பழக்கதோஷத்தில் நான் முடித்துக் கொடுத்தேன். நாலு தடவை. நாலு தடவையும் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். அன்று பஸ்ஸில் திரும்பி வரும்போது அதைப் பற்றி நான் யோசித்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை.

அடுத்த கிழமை வெள்ளிப் பேணி வந்தது. அடி கொஞ்சம் கனம், நடுங்குகிற கையில் தளம்பாமல் இருக்க. மூக்கு நீளமாக, ஓர் ஓரமாக வளைந்து, நுனியில் ஒரு பென்சில் துவாரம் அளவுக்கு மெலிந்திருந்தது. இடது கையில் பிடித்து, தலையை இடப்பக்கம் சரித்தால், வாயில் படாமலே இடது கடைவாய்க்குள் மெல்லிய நூலாய்த் தண்ணீர் இறங்கும். அண்ணாக்கவும் வேண்டாம், வாய் வைக்கவும் வேண்டாம்.

அம்மா பேணியைக் கையில் வாங்கி, முதலில் பத்தரைப் பார்த்தார்.

"வாய்... வைச்ச..."

"வாய் வைச்சுப் பாத்ததோ எண்டு" என்று தொடங்கினேன்.

"வைக்கேல்லை அக்கா" என்றார் பத்தர் என்னைத் தாண்டி.

அம்மா தலையைச் சரித்தார். ஊற்றினார். விழுங்கினார். சேலையில் ஒரு துளி விழவில்லை. மறுபடி ஊற்றினார். ஒரு பேணித் தண்ணீரும் போயிற்று.  

"என்ன குறை அக்கா?" என்றார் பத்தர்.

"ஒரு குறையும் இல்லை, நல்லாயிருக்கு" என்றேன்.

"உம்மட்டைக் கேக்கேல்லை."

நாங்கள் காத்திருந்தோம். ஒரு ரயில் போனது. எங்கள் வீடு முதலாம் மாடி, கடற்கரை ரயில் போனால் கோப்பைகள் கிலுங்கும். கிலுக்கம் நின்ற பிறகு அம்மா சொன்னார்.

"கை... வழுக்குது."

பத்தருடைய முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன்பு பார்த்ததில்லை. சாமிப்படத் தட்டிலிருந்து விபூதியை எடுத்துவரச் சொன்னார். அம்மாவின் இடது கை விரல்களை அதில் தொட்டு, ஈரம் துடைத்த பேணியைப் பிடிக்கச் செய்தார். நாலு விரல், ஒரு பெருவிரல், வெள்ளையாய் அடையாளம் விழுந்தது. குசினிக்குள் போய்ப் பேணிக்குள் பச்சையரிசியை இறுக்கி நிரப்பி, வாயைத் துணியால் கட்டி, பைக்குள் இருந்த சின்னச் சுத்தியலால் அந்த ஐந்து அடையாளத்திலும் மெல்லக் குழி அடித்தார். கீழ்வீட்டுக்காரர் வந்து சத்தம் என்று முறையிட்டார். பத்தர் அவரிடமும் நன்றி சொன்னார்.

அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இருந்தார். எல்லாத் தண்ணீரும் அந்தப் பேணியில்தான். சாப்பாட்டு மேசைக்கு வந்து குடியுங்கோ, கதிரை மெத்தையில் ஊற்றுகிறது என்று எத்தனையோ தடவை கத்தியிருக்கிறேன். "இஞ்சை" என்று மட்டும் சொல்வார். பிடிவாதம். தண்ணீர் முடிந்த பிறகும் பேணியைக் கீழே வைக்காமல், தலையைச் சரித்தபடியே சில நேரம் இருப்பார். விழுங்க முடியாமல் நிற்கிறாரோ என்று நான் குசினியிலிருந்து பயந்து ஓடி வருவேன். வந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அதற்கும் கத்துவேன். பத்தர் இரண்டு தடவை வந்து அடியைத் திருப்பிப் பார்த்து, கீறல்களைப் பார்த்து, விழுந்து நெளிந்த ஓர் இடத்தைத் தடவி, மிகவும் திருப்தியோடு திரும்பிப் போனார்.

அம்மா போன பிறகு பேணியைக் கழுவித் துடைத்து, மெல்லிய கடதாசியில் சுற்றி, கண்ணாடி அலுமாரியில் அம்மாவின் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். டொக்டரம்மாவின் தட்டுகளைப் பார்த்துச் சிரித்த அதே நான்தான்.

வருடம் திரும்பியதும் கதவு தட்டப்பட்டது. செருப்பு சுவரோடு நேராகப் போய் நின்றது.

"சாமானைக் காட்டும்."

"அம்மா இல்லையே பத்தர்."

"தெரியும். செத்தவீட்டுக்கு வந்தனான். சாமானைக் காட்டும்."

கடதாசியை உரித்தார். மூக்கின் கழுத்தும் ஐந்து குழிகளும் கறுத்திருந்தன. அவர் குசினிக்குப் போய், புளியை எடுத்துத் தானே தேய்த்துக் கழுவிக்கொண்டு வந்தார்.

"பாவனையிலை இல்லாத சாமான் வீட்டிலை இருக்கப்படாது. நான் கொண்டுபோறன். கிராண்ட்பாஸிலை ஒரு மனிசி, அக்காவைப் போலத்தான், வலது பக்கம். தண்ணி குடிக்குதில்லையாம். அந்தக் கைக்கு ஏத்தமாதிரி குழியை மாத்திக் குடுப்பன்."

 கிராண்ட்பாஸில் ஒரு மனுஷி காய்ந்துகொண்டிருக்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குழிகளில் சுத்தியல் விழுவதை நினைத்ததும் பேணியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"அவவுக்கு வேறை ஒண்டு செய்யுங்கோ. வெள்ளி நான் தாறன். இது அம்மான்ரை கை, பத்தர். அம்மான்ரை கீறல். இதிலை இன்னொராளின்ரை கீறல் விழ நான் விடமாட்டன்."

"உம்மடையும் விழாதோ?"

"விழாது."

"அப்ப இது சாமிச் சாமான்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த மனிதர் வாயால் இதைவிடக் கேவலமாக ஒரு பேணியைத் திட்ட முடியாது. சீலைப் பையை விரித்தார்.

"வேண்டாம்" என்றேன். "நான் பாவிக்கிறன்."

"குடிச்சுக் காட்டும்."

தண்ணீர் நிரப்பிக்கொண்டு வந்தேன். மேசைக்கருகில் உட்காரப் போனேன். அவர் சன்னலோரத்துக் கதிரையைக் காட்டினார். "அளவு அந்தக் கதிரைக்குத்தான்."

அம்மாவின் கதிரையில் நான் அதுவரை உட்கார்ந்ததில்லை. வலது கையில் பிடித்து, நிமிர்ந்திருந்து ஊற்றினேன். தண்ணீர் தோளில் போனது. சட்டையெல்லாம் நனைந்தது. பத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். பேணியை இடது கைக்கு மாற்றினேன். விரல்கள் தாமாகவே ஐந்து குழிகளுக்குள் போயின. என் விரலும் அம்மாவின் விரலும் ஒரே அளவு என்பது அன்றுதான் தெரிந்தது. தலையை இடப்பக்கம் சரித்தேன். இன்னும் கொஞ்சம் சரித்தேன். தண்ணீர் கடைவாய்க்குள் நூலாய் இறங்கியது.

எதிரே இருந்த தொடர்மாடியின் சுவரும் அதற்கு அடுத்த கட்டிடத்தின் சுவரும் அந்தச் சரிவில் விலகின. நடுவே ஒரு முழ அகலத்துக்குக் கடல் இருந்தது.

நான் பேணியை இறக்கினேன். தலை நிமிர்ந்ததும் சுவர்.

"கடல் தெரியுது" என்றேன்.

"ஓம். அக்கா சொன்னவ."

"உங்களுக்கோ? எப்ப?"

"அளவெடுக்க வந்த அண்டு. நீர் தேத்தண்ணி போடப் போனீர். தண்ணி குடிக்கேக்கை எங்கை பாக்கிறனீங்கள் எண்டு கேட்டனான். முந்தி இதிலை இருந்தாக் கடல் தெரியுமாம். அந்தக் கட்டிடம் வந்தாப் பிறகு தலையைச் சரிச்சாத்தானாம். எவ்வளவு சரிக்கவேணும் எண்டு அவவே சரிச்சுக் காட்டினவ. அந்த அளவுக்குத்தான் மூக்கை வளைச்சது."

இரண்டு வருடம். ஒரு நாளைக்கு ஆறு ஏழு தடவை. "இஞ்சை" என்று அம்மா சொன்னபோது, ஏன் இஞ்சை என்று ஒருநாள் கேட்டிருந்தால், ஒரு ரயில் போகிற நேரம் பொறுத்திருந்தால் எனக்கும் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. மெத்தை நனைகிறது என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது. அதைப் பத்தர் முன்னால் மறைக்கத் தோன்றவில்லை.

அவர் நான் அழுது முடிக்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நின்றார். 

"என்ன குறை?" என்றார் பிறகு.

"சட்டையிலை ஊத்துது."

"நல்லது. இன்னொருக்காக் குடியும்."

தலையைச் சரித்தேன். தண்ணீர் முடிகிற நேரம் தெஹிவளைப் பக்கமிருந்து ரயில் வந்து, அந்த ஒரு முழக் கடலை மறைத்தது. அலுமாரியில் கோப்பைகள் கிலுங்கின. ரயில் போய்க் கடல் மறுபடி வரும்வரை நான் பேணியைக் கீழே வைக்கவில்லை.